தண்டவாளத்தை ஒட்டி வீடு வாங்கலாமா?

வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழுக்காக என்னிடம் வந்து சேர்ந்த கடிதங்களில் ஐந்து, ரயில் பாதை ஓரத்து வீட்டைப் பற்றியே கேட்கின்றன. தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பத்தொன்பது வருடம், பாதையிலிருந்து முப்பதடி தள்ளியிருந்த ஊழியர் குடியிருப்பில் குடும்பத்தோடு வாழ்ந்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு இன்னொரு ரயில் பாதை அருகே சொந்தமாக ஒரு வீடு வாங்கி, வருத்தப்பட்டு விற்றும் இருக்கிறேன். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த ஐந்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான், என் மனைவி, ஆறு வயது மகள், என் அம்மா ஆகிய நான்கு பேர் குடியிருக்க வீடு தேடுகிறோம். எங்களுக்குப் பிடித்த வீடு ரயில் பாதையிலிருந்து சுமார் அறுபது மீட்டரில் இருக்கிறது. இதே அளவு வீடு மற்ற இடங்களில் கிடைப்பதைவிட விலை நன்றாகவே குறைவு. இரண்டு முறை போய்ப் பார்த்தோம், இரண்டுமே ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. ஒரே ஒரு ரயில் போனது. மகள் கையசைத்துச் சந்தோஷப்பட்டாள். அம்மாவுக்குச் சிறு சத்தத்துக்கும் விழிப்பு வந்துவிடும் என்பதுதான் கவலை. 'பத்து நாளில் பழகிவிடும்' என்கிறார் தரகர். இன்னும் இரண்டு வாரத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். வாங்கலாமா?
- ஒரு வாசகர்

பதில்: தம்பி, இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அந்த வீட்டை இன்னும் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்கிறேன். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நீங்கள் பார்த்த இடமும், புதன்கிழமை இரவு இரண்டரை மணிக்கு உங்கள் அம்மா படுத்திருக்கப்போகும் இடமும் ஒன்றல்ல. பயணி ரயிலும் சரக்கு ரயிலும் ஒரே பாதையில் ஓடும் இடங்களில், பகல் முழுவதும் பயணி ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் சரக்கு வண்டிகளுக்கு இரவில்தான் வழி திறக்கும். பாதைப் பராமரிப்பு வேலையும் பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். ஜல்லியைக் குத்தி இறுக்குகிற எந்திரத்தோடு நானே எத்தனையோ இரவுகள், தூங்குகிற வீடுகளின் பின்வாசலில் நின்று வேலை செய்திருக்கிறேன். விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்து எங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். அந்த முகங்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

இரவில் காற்றும் சத்தத்துக்குத் துணை போகிறது. பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிவான, காற்றில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே இருப்பது வெப்பமாக இருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளையும். பகலில் காதில் விழாத தூரத்து ரயில் நள்ளிரவில் பக்கத்துத் தெருவில் ஓடுவதுபோலக் கேட்பதற்கு ஊர் அடங்கிப்போனது மட்டும் காரணமில்லை.

அறுபது மீட்டர் போதுமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். தூரத்தை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நீளமான சரக்கு ரயில் ஒன்று ஓடும்போது, பாதையிலிருந்து நீங்கள் இருக்கும் தூரத்தை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல் அளவுக்குத்தான் குறையும். காதுக்கு அந்த வித்தியாசம் அரைகுறையாகத்தான் தெரியும். சத்தம் பாதியாகக் குறைந்ததாகத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் குறைய வேண்டும். அறுபது மீட்டர் வீட்டுக்கும் நூற்றிருபது மீட்டர் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, அந்த இடத்தில் ரயில் என்ன செய்கிறது என்பதில் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது. நேராக ஓடிக் கடந்து போகிறதா? சீட்டி ஊதுகிறதா? நிற்கிறதா? திரும்புகிறதா? ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறுகிறதா? நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு மாலை ஒதுக்கி, வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். பாதையை ஒட்டிய தெருவில் நடங்கள், பாதைக்குள் இறங்காதீர்கள். முதலில் லெவல் கிராசிங் இருக்கிறதா என்று பாருங்கள். கேட் இருந்தால் சீட்டி இருக்கும், கேட்டுக்கு முன்னாலேயே அது தொடங்கிவிடும். அமெரிக்காவில் சாலைச் சந்திப்புக்கு வரும் எஞ்சின் குறைந்தது 15 நொடி ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. எஞ்சினுக்கு முன்னால் 100 அடி தூரத்தில் அதன் அளவு 96 முதல் 110 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். மற்ற நாடுகளில் அளவு மாறலாம். ஆனால் தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்ற எண்ணத்தில் எந்த நாட்டிலும் ரயில் ஹாரன் செய்யப்படவில்லை. சாலையில் போகிறவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது அது.

அடுத்து சிக்னல் கம்பம். உங்கள் வீட்டுக்கு எதிரில் சிக்னல் இருந்தால், சிவப்பு விழும்போதெல்லாம் வண்டி அங்கே நிற்கும். டீசல் எஞ்சினாக இருந்தால் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும், புகையும் வரும். கிளம்பும்போது சரக்கு வண்டியின் கொக்கிகள் ஒவ்வொன்றாக இழுபட்டு, 'டடடடட' என்று வண்டியின் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடும் ஓசை இருக்கிறதே, பத்தொன்பது வருடத்தில் எனக்குப் பழகாத ஓசை அது ஒன்றுதான். ஓடுகிற ரயிலின் சத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும், உடம்பு அதற்குத் தயாராகிவிடும். இந்தக் கொக்கிச் சத்தமோ அமைதிக்கு நடுவே திடீரென்று வெடிக்கும்.

மூன்றாவது, தடம் மாறுகிற இடம். நாங்கள் பாயின்ட் என்போம். அங்கே தண்டவாளத்தில் சிறு இடைவெளி இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் அதில் இடித்துவிட்டுத்தான் போகும். துண்டுத் தண்டவாளங்களை ஃபிஷ்பிளேட் என்ற இரும்பு இணைப்புப் பட்டை வைத்து முடுக்கிய பழைய பாதையிலும் இதே கதைதான். 'டக்-டக், டக்-டக்' என்று கேட்டால் இணைப்பு உள்ள பாதை. சீரான இரைச்சலாகக் கேட்டால் பற்றவைத்த நீளத் தண்டவாளம், அது எவ்வளவோ மேல். நான்காவது, வளைவு. கூர்மையான வளைவில் சக்கரம் உரசிக் கிறீச்சிடும். அந்தக் கிறீச்சொலியை எந்தத் திரைச்சீலையாலும் தடுக்க முடியாது.

இவை எதுவும் இல்லாமல் நேர்ப்பாதையில், சீரான வேகத்தில் வண்டிகள் கடந்துபோகிற இடம் என்றால் பாதிக் கவலையை விட்டுவிடலாம். வேகம் கூடினால் சத்தமும் கூடும் என்பது உண்மைதான். வேகம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 9 டெசிபல் ஏறும். ஆனாலும் வேகமாகப் போகிற வண்டி சீக்கிரம் போய்விடுகிறது.

இனி அந்த 'பத்து நாளில் பழகிவிடும்'. தரகர் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதிதான் உங்கள் அம்மாவுக்குரியது. விழித்துக்கொள்வது சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் விழிக்காமல் தூங்குகிறவரின் இதயத் துடிப்பும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஏறி இறங்குவதையும், அது முழுமையாகப் பழகிப்போவதில்லை என்பதையும் தூக்கத்தை ஆராய்கிறவர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்காக வெளியிட்ட வழிகாட்டியில், ரயில் சத்தம் இரவுச் சராசரியாக வீட்டுக்கு வெளியே 44 டெசிபலுக்குள்ளும், பகல்-மாலை-இரவு சேர்ந்த கணக்கில் 54 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பழகிவிடும் என்பதே முழுப் பதிலாக இருந்திருந்தால் இப்படி ஓர் அளவை வகுத்திருக்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

என் மனைவி குடியிருப்பில் இருந்த காலமெல்லாம் 'எனக்கு ரயில் கேட்பதே இல்லை' என்றுதான் சொல்லிவந்தாள். பிறகு எனக்குப் பாதையிலிருந்து தள்ளியிருந்த ஓர் அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. புது வீட்டில் முதல் வாரம் அவள் ஏழு மணிவரை தூங்கினாள், ஐந்து மணிக்கு மேல் ஒரு நாளும் படுத்திராதவள். 'இத்தனை வருடமும் தூங்கினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்' என்றாள். அவளுக்கு அந்தத் தூக்கத்தை இளமையிலேயே கொடுக்காமல் போனேனே என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே, ஒரு வேலைநாள் இரவு அந்த வீட்டில் தங்க அனுமதி கேளுங்கள். விற்கிறவர் மறுத்தால் அதே வரிசையில் வாடகைக்கு அறை கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதுவும் முடியாவிட்டால் இரவு பன்னிரண்டு முதல் நான்கு வரை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்து எண்ணுங்கள். எத்தனை ரயில், எத்தனை சீட்டி, எத்தனை முறை நின்று கிளம்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளில் விசாரிக்கும்போது, வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவரைக் கேட்காதீர்கள். நாளெல்லாம் வீட்டில் இருக்கும் பெண்மணியையோ முதியவரையோ கேளுங்கள். 'சத்தம் இருக்கிறதா' என்று கேட்டால் 'பழகிவிட்டது' என்பார்கள். 'ரயில் வரும்போது போனில் பேச்சை நிறுத்துகிறீர்களா, எந்த அறையில் படுக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறதா' என்று கேளுங்கள், உண்மை வந்துவிடும்.

வீட்டின் அமைப்பையும் பாருங்கள். சமையலறை, மாடிப்படி, குளியலறை எல்லாம் பாதைப் பக்கம் இருந்து, படுக்கையறைகள் மறுபக்கம் இருந்தால் வீடே அம்மாவுக்குத் தடுப்புச் சுவராக நிற்கும். படுக்கையறை ஜன்னல் பாதையைப் பார்த்து இருந்தால் நிலைமை வேறு. திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல் வரைதான் தடுக்கும். நன்றாக மூடிய ஜன்னல் அதைவிட வெகுவாகத் தடுக்கும். இரட்டைக் கண்ணாடி போடுவதானால், இரண்டு கண்ணாடிகளும் வேறு வேறு தடிமனில் இருக்கட்டும், நடுவில் நூறு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். ஒட்டி ஒட்டி வைத்த இரட்டைக் கண்ணாடி வெப்பத்தைத் தடுக்கும், சரக்கு ரயிலின் தடித்த ஓசையை அவ்வளவாகத் தடுக்காது. மூடிய ஜன்னலோடு வாழ வேண்டுமென்றால் காற்றுக்கு வேறு வழி வேண்டும். அதற்கான செலவையும் வீட்டு விலையோடு கூட்டிக்கொண்டு, அதன் பிறகும் மலிவுதானா என்று பாருங்கள். இன்று உங்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கிற வீடு, நாளை நீங்கள் விற்கும்போதும் குறைந்த விலைக்குத்தான் போகும்.

என் முடிவைக் கேட்டால், நேர்ப்பாதை, கேட் இல்லை, சிக்னல் இல்லை, படுக்கையறை மறுபக்கம் என்றால் தைரியமாக வாங்குங்கள். மகள் தினமும் கையசைக்கட்டும். கேட்டுக்கு அருகிலோ சிக்னலுக்கு எதிரிலோ இருந்தால், அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் பார்த்த வீட்டின் சுவரில் மெல்லிய விரிசல்கள் இருக்கின்றன. பாதை நாற்பது மீட்டரில். ரயில் அதிர்வால் வீடு நாளடைவில் இடிந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
- ஒரு வாசகி

பதில்: அம்மா, மனிதர் உணர்கிற அதிர்வுக்கும் சுவரைச் சேதப்படுத்துகிற அதிர்வுக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. அதிர்வை நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். வீட்டுக்குள் அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு 0.3 மில்லிமீட்டர் அளவிலேயே அது தெரியத் தொடங்கிவிடும். குடியிருப்பு வீட்டின் அடித்தளத்தில் மெதுவான அதிர்வுக்கு ஜெர்மானியத் தரநிலை வைத்திருக்கும் எல்லை 5 மில்லிமீட்டர். அதாவது, வீட்டுக்குக் கேடு வருவதற்கு வெகு முன்பே நீங்கள் பொறுக்க முடியாமல் வெளியே வந்துவிடுவீர்கள். நான் பார்த்தவரை, ரயில் மேல் பழி போட்ட விரிசல்களில் பெரும்பாலானவை அடித்தளம் அமிழ்ந்ததாலோ, ஈரத்தாலோ, பூச்சு வேலை சரியில்லாததாலோ வந்தவை.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூச்சில் மட்டும் நூலாக ஓடும் விரிசல் பெரிதாகப் பயப்பட வேண்டியதல்ல. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, படிப்படியாகச் செங்கல் இணைப்பு வழியே இறங்கும் விரிசல் அடித்தளத்தைப் பற்றிச் சொல்கிறது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டலாம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பாலங்களில் நாங்கள் இதைத்தான் செய்துவந்தோம். ஆனால் இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வாங்கும் அவசரத்தில் இருப்பவர்கள் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு போவதே நல்லது. பழைய, சுண்ணாம்பு பூசிய, அடித்தளம் ஆழமில்லாத வீடு என்றால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

மண்ணையும் விசாரியுங்கள். மெத்தென்ற களிமண்ணும் சேறு நிரப்பிய நிலமும் தடித்த அதிர்வை வெகுதூரம் கொண்டுபோகும். எங்கள் குடியிருப்பு அப்படிப்பட்ட மண்ணில்தான் இருந்தது. அலமாரியில் டம்ளரில் வைத்த தண்ணீரில், நடுவிலிருந்து விளிம்புக்குச் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடத் தொடங்கும். வண்டியின் ஓசை அதற்குப் பிறகுதான் வரும். வண்டி போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கும். என் மகன் சிறுவனாக இருந்தபோது அந்தத் தண்ணீரைப் பார்த்தே 'சரக்கு', 'பயணி' என்று சொல்லிவிடுவான். நீங்கள் வீடு பார்க்கப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையிலும் இன்னொன்றை மாடியிலும் வைத்து, ஒரு சரக்கு ரயில் வரும்வரை காத்திருங்கள். மாடித் தளம் சில வீடுகளில் அதிர்வைக் கூட்டிக் காட்டும். தண்ணீர் அசையாவிட்டால் அந்தக் கவலையை விட்டுவிடுங்கள். வட்டம் தெளிவாகத் தெரிந்து, கட்டிலில் கை வைத்தாலும் உணர முடிந்தால் நன்றாக யோசியுங்கள். சத்தத்தை ஜன்னலில் தடுக்க முடியும். நிலத்தின் வழியே வருகிற அதிர்வைக் கட்டி முடித்த வீட்டில் தடுப்பது மிகவும் கடினம், செலவும் அதிகம்.

கேள்வி: பாதைக்கும் வீட்டுக்கும் நடுவே வரிசையாக மரம் வைத்தால் சத்தம் குறையுமா?
- ஒரு வாசகர்

பதில்: ஒரு வரிசை மரம் கண்ணுக்குத்தான் மறைக்கும், காதுக்கு மறைக்காது. முப்பது மீட்டர் அகலத்துக்கு, தரை வரை அடர்ந்து நிற்கும் தோப்பு இருந்தால்தான் சில டெசிபல் குறையும். சந்து இல்லாத, கனமான சுவர், ரயிலின் சக்கரத்தையும் உங்கள் ஜன்னலையும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் மறைத்தால், உடனே 5 டெசிபல் அளவுக்குக் குறையும். உயர்த்தினால் இன்னும் குறையும். மாடி அறையிலிருந்து சுவருக்கு மேலே தண்டவாளம் தெரிந்தால் அந்த அறைக்குச் சுவரால் பயன் இல்லை. நிழலுக்காகவும் தூசிக்காகவும் மரம் வையுங்கள். பிரேக் பிடிக்கும் இடத்தருகே செம்பழுப்பு இரும்புத் தூசி படியும், இலைகள் அதில் கொஞ்சத்தைத் தாங்கும்.

கேள்வி: நாங்கள் வாங்க நினைக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒற்றைப் பாதை. நாளுக்கு நான்கே ரயில்கள், இரவில் ஒன்றும் இல்லை. நாங்களே ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டோம். இனி யோசிக்க என்ன இருக்கிறது?
- ஒரு தம்பதியர்

பதில்: இதே வார்த்தையைத்தான் நானும் என் மனைவியிடம் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் பாதையோடு இருந்தவன் ஏமாந்த கதையை எழுதுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு நான் வாங்கிய வீட்டுக்குப் பின்னாலும் ஒற்றைப் பாதைதான். நாளுக்கு ஆறு வண்டி, மாலை ஏழுக்கு மேல் அமைதி. விற்றவர் நல்லவராகத்தான் தெரிந்தார். பின்வாசலுக்கும் பாதைக்கும் நடுவே அகலமான வெற்று நிலம் கிடந்தது. அதைக் காற்றோட்டம் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். நான்காவது வருடம் அந்த நிலத்தில் மண் கொட்டினார்கள். ஐந்தாவது வருடம் இரண்டாவது தடம் வந்தது, மேலே மின்கம்பியும் வந்தது, இரவெல்லாம் சரக்கு வண்டியும் வந்தது. அறிவிப்பு முறைப்படி எப்போதோ வெளியாகியிருந்தது. விற்றவருக்கு அது தெரிந்திருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என்னை வருத்துவது அவர் சொல்லாதது அல்ல, நான் பார்க்காததுதான். அரை கிலோமீட்டரில் ஒரு சிறு பாலம் இருந்தது. அதன் தூண்கள் இரண்டு தடத்துக்கான அகலத்தில் கட்டப்பட்டு, ஒரு பாதிமேல் மட்டும் உத்தரம் ஏற்றியிருந்தார்கள். மறுபாதி காலியாக நின்றது. எந்தப் பொறியாளரும் தேவையில்லாமல் அகலமான தூண் கட்டமாட்டார். வேலையில் இருந்தபோது நூறு பாலம் பார்த்த கண், சொந்த வீடு என்று வந்தபோது அதைப் பார்க்கத் தவறிவிட்டது.

எனவே நீங்கள் பாலங்களைப் பாருங்கள். மண்மேட்டின் அகலத்தைப் பாருங்கள். ஒற்றைப் பாதைக்கு வேண்டியதைவிட அது அகலமாக இருக்கிறதா? தடம் மேட்டின் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கிப் போகிறதா? எல்லைக் கற்கள் எங்கே நிற்கின்றன? அந்தக் கல்லுக்கும் தடத்துக்கும் நடுவே இருப்பது எதிர்காலத் தடத்தின் இடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிர்வாகத்திடமும் நகரமைப்பு அலுவலகத்திடமும் இரட்டைப் பாதை, மின்மயமாக்கல், புதிய நிலையம் ஆகிய மூன்றைப் பற்றியும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதில் போதாது. வீட்டுச் சுவரோ கழிவுநீர்த் தொட்டியோ எல்லைக் கல்லைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று நில அளவையாளரை வைத்து அளந்துவிடுங்கள். போயிருந்தால் அந்த வீட்டை விட்டு விலகுங்கள், மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

மின்மயமாக்கலைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். புகை போகும், எஞ்சின் உறுமல் குறையும். சக்கரமும் தண்டவாளமும் உரசும் சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். சரக்குப் பெட்டிகளில் பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டை சக்கரத்தின் முகத்தைச் சொரசொரப்பாக்கிவிடும். கூட்டுப்பொருள் கட்டைக்கு மாற்றினால் ஓடும் சத்தம் காதுக்குப் பாதியாகக் குறையும். சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் 2020-இல் இரைச்சலான பழைய பெட்டிகளைச் சட்டம் போட்டே தடுத்தன. அதற்கு முன், ஜப்பானில் ஷிங்கான்சென் அதிவேக ரயில் 1964-இல் ஓடத் தொடங்கியபோது பாதையோரத்து மக்களுக்கு எந்த அளவுகோலும் கிடையாது. 1974-இல் நகோயா மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1975-இல் அரசு குடியிருப்புப் பகுதிக்கு 70 டெசிபல் என்று அளவு வகுத்தது. அந்த வழக்கு சமரசத்தில் முடிய 1986 ஆனது. பன்னிரண்டு வருடம்! உரிமை கேட்டுப் போராடியவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வீடு வாங்கிய பிறகு பன்னிரண்டு வருடம் போராடும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

கேள்வி: ஐயா, பாதையோரத்து வீட்டுக்குக் குடிபோய் ஒரு மாதம் ஆகிறது. சத்தம் பரவாயில்லை. எனக்கு ஒன்பதிலும் பன்னிரண்டிலும் இரண்டு பையன்கள். தெருக்கோடியில் சுற்றுச்சுவர் உடைந்து கிடக்கிறது. எல்லோரும் அதன் வழியேதான் மறுபக்கத்துக் கடைத்தெருவுக்குப் போகிறார்கள். பையன்களும் கேட்கிறார்கள். பார்த்துப் போனால் ஆபத்தில்லைதானே?
- ஒரு தாய்

பதில்: இல்லை அம்மா. வேண்டவே வேண்டாம். இந்த ஒன்றில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

பாதையில் அடிபட்டவர்களிடம் முதலில் போய்ச் சேர்கிறவர்கள் தண்டவாள ஊழியர்கள்தான். நானும் போயிருக்கிறேன், ஒரு முறை அல்ல. அவர்களில் யாரும் ரயில் பாதைக்குப் புதியவர்கள் இல்லை. அந்தச் சுவர் ஓட்டையை வருடக்கணக்கில் தாண்டியவர்கள். ஒருமுறை ஒரு பள்ளிப் பையையும் சுமந்துகொண்டு வந்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

பையன்களிடம் இப்படிச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் நிறைசுமை ரயில், ஓட்டுநர் பிரேக் பிடித்த பிறகும் நிற்பதற்கு ஒரு கிலோமீட்டரோ அதற்கு மேலுமோ ஓடக்கூடும். அவர் உங்களைப் பார்த்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மின்சார ரயில் முன்பக்கம் நிற்கிறவனுக்கு அவ்வளவு சத்தமாகக் கேட்காது, அருகே வந்த பிறகுதான் இரையும். ஒரு தடத்தில் வண்டி போய் முடிந்ததும் ஓடுவார்கள். இரண்டாவது தடத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் வண்டியை முதல் வண்டி மறைத்திருக்கும், அதன் ஓசையையும் சேர்த்து மறைத்திருக்கும். நான் பார்த்ததில் பல அப்படித்தான் நடந்தன.

மேலே ஓடும் கம்பியில் பல நாடுகளில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை, போதிய அளவு நெருங்கினாலே பாய்ந்துவிடும். நிற்கும் பெட்டியின் மேல் ஏறுவது, கம்பியில் சிக்கிய பட்டத்தைக் கழியால் எடுப்பது, மொட்டைமாடியிலிருந்து நீளக் குழாயை அந்தப் பக்கம் நீட்டுவது, இவை மூன்றையும் பெயர் சொல்லித் தடுத்துவையுங்கள். 'ஜாக்கிரதையாக இரு' என்று பொதுவாகச் சொன்னால் பையன்கள் காதில் ஏறாது.

உடைந்த சுவரைப் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, அருகிலுள்ள நிலைய அதிகாரிக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். அருகில் பாதையோரக் கம்பத்திலோ கல்லிலோ கிலோமீட்டர் எண் எழுதியிருக்கும். தெருவிலிருந்தே படிக்க முடிந்தால் அதையும் குறிப்பிடுங்கள், ஊழியர்கள் நேராக அந்த இடத்துக்கு வந்துவிடுவார்கள். தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்தையும் சேர்த்துவிடுங்கள். கடைத்தெருவுக்கு மேம்பாலம் வழியே எத்தனை நிமிடம் ஆகிறது என்று பையன்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அந்த நிமிடங்களைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே கிளம்புங்கள். நீங்கள் தனியாகப் போகும்போதும் அந்த ஓட்டை வழியே போகாதீர்கள்.